தனியே வருகிற பெண்ணின் முதல் நாள்

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளுக்குத் தென் ஜில்லாக்களிலிருந்து வேலைக்கு வருகிற இளம் பெண்களைப்பற்றி நம்மவர்களில் சிலர், "வயசுப் பெண்ணைத் தன்னந்தனியே பட்டணத்துக்கு அனுப்பலாமா?" என்று பெருங்கவலை தெரிவித்துக்கொள்ளுகிறார்கள். இந்தக் கவலை பெண்ணைப் பற்றியதா, குடும்ப கௌரவத்தைப் பற்றியதா என்பதைச் சற்று யோசித்துப் பார்ப்போம்.

பெண் புறப்படப் பஞ்சாங்கம் பார்க்கப்படுகிறது. செவ்வாயும் புதனும் வடக்கே சூலமாம். திருநெல்வேலிக்குச் சென்னை வடக்கேதானே! புதன்கிழமை காலையில் ஆஜராக வேண்டுமென்று கம்பெனிக் கடிதம் சொன்னால், செவ்வாய் இரவு பஸ் ஏறாமல் என்ன செய்வது? அதற்கும் வழி இருக்கிறது. பால் குடித்துவிட்டுப் புறப்பட்டால் தோஷமில்லையாம். ஒரு டம்ளர் பாலுக்கு அடங்கிவிடுகிற சூலத்துக்கா நாம் இத்தனை தலைமுறையாய்ப் பயந்து வந்தோம்? இவ்வளவு பார்த்த பெற்றோர், தங்கப்போகிற இடம் எது, அங்கே கக்கூசில் தண்ணீர் வருமா என்று ஒரு வார்த்தை விசாரித்திருக்க மாட்டார்கள்.

பெண் விடியற்காலையில் கிளாம்பாக்கத்தில் இறங்குகிறாள். 2023 டிசம்பரில் இந்த நிலையம் திறக்கப்பட்ட பிறகு தென் ஜில்லா பஸ்களுக்கு அதுதான் எல்லை. அங்கிருந்து வண்டலூர், படப்பை வழியாக ஒரகடம். சென்னைக்கு வந்தேன் என்று ஊருக்குப் போன் பண்ணுகிற அவள், முதல் நாளில் கடற்கரையையும் பார்ப்பதில்லை, சென்ட்ரலையும் பார்ப்பதில்லை. மதில் சுவரும் லாரிகளும் கம்பெனி பஸ்களுமே அவளுக்குப் பட்டணம்.

வாடகைக்கு அறை தேடினால், "நீங்க என்ன ஆளுங்க?" என்பதே முதற்கேள்வி. 1904இல் காசிக்குப் போன பெரியார், பார்ப்பனருக்கு மட்டும் சோறு போடுகிற சத்திரத்திலிருந்து பசியோடு வெளியே தள்ளப்பட்டார். அந்தச் சத்திரத்தைக் கட்டியவரோ பார்ப்பனரல்லாத தென்னாட்டு வியாபாரி. காசியில் சத்திரக்காரன் கேட்டதை ஒரகடத்தில் வீட்டுக்காரன் கேட்கிறான். இவன் சோற்றுக்குப் பதில் அறையை மறுக்கிறான், வித்தியாசம் அவ்வளவே.

நிற்க, கம்பெனி வாசலில் இன்னொரு கேள்வி காத்திருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர் பாக்ஸ்கான் தொழிற்சாலையில் மணமான பெண்கள் என்பதற்காகவே வேலை மறுக்கப்பட்டதாக 2024 ஜூனில் ராய்ட்டர் செய்தி வெளியிட்டது. குடும்பப் பொறுப்பு, பிள்ளைப்பேறு, தாலி, மெட்டி எல்லாம் காரணமாகச் சொல்லப்பட்டனவாம். 1976ஆம் வருஷத்துச் சம ஊதியச் சட்டத்தை எடுத்துக்காட்டி மத்திய தொழிலாளர் இலாகா மாநில சர்க்காரிடம் அறிக்கை கேட்டது. கம்பெனியார் பாகுபாடு இல்லையென மறுத்து, புதிதாகச் சேர்ந்தவர்களில் கால்வாசிப்பேர் மணமானவர்களே என்றனர். கால்வாசி என்பது பெருமையா, சிறுமையா என்பதை வாசகர்களே முடிவு செய்துகொள்ளலாம். நமக்குத் தோன்றுவது ஒன்று: ஊரிலே தாலியில்லாமல் நடந்தால் அமங்கலி என்கிறார்கள், இங்கே தாலியோடு வந்தால் வேலைக்கு ஆகாதவள் என்பதா? மணமான ஆண்பிள்ளையின் கழுத்தையும் காலையும் எவனாவது உற்றுப் பார்த்ததுண்டா?

1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மகாநாடு, பெண்களுக்கு ஆண்களைப்போலவே சொத்துரிமையும், எந்தத் தொழிலையும் செய்கிற உரிமையும் வேண்டுமென்று தீர்மானித்தது. ஸ்ரீபெரும்புதூர் அன்று அதே செங்கற்பட்டு ஜில்லாவில்தான் இருந்தது. சொத்துரிமை தமிழ்நாட்டில் சட்டமாவதற்கு 1989 வரை ஆயிற்று.

தங்குமிடத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். 2021 டிசம்பரில் அதே தொழிற்சாலைப் பெண்கள் இருந்த ஒரு விடுதியில் சாப்பாடு விஷமாகி, 150 பேருக்கு மேல் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டனர். பெண்கள் பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்து மறித்த பிறகுதான், ஒரே அறையில் எத்தனைபேர் அடைக்கப்பட்டிருந்தார்கள் என்பது உலகத்துக்குத் தெரிந்தது. ஆப்பிள் கம்பெனி அத்தொழிற்சாலையைக் கண்காணிப்பில் வைத்தது. தனியாய் வந்த பெண்கள் கூட்டமாய் உட்கார்ந்ததால் நடந்த காரியம் இது. "துணையில்லாமல் போகாதே" என்று ஊரில் சொன்னவர்கள், இப்படிப்பட்ட துணையை நினைத்துச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் சிப்காட் மூலமாய் 706 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட செலவில் 18,720 படுக்கைகள் கொண்ட குடியிருப்பு திறக்கப்பட்டது. நல்ல காரியம், வரவேற்கிறோம். ஆனால் தனியார் விடுதிகள் பலவற்றில் இத்தனை மணிக்குமேல் வெளியே போகக்கூடாது என்ற பலகை தொங்குகிறதே, அது யாருக்காக? நள்ளிரவு ஷிப்டுக்குக் கம்பெனி பஸ்ஸில் ஏறிப் போகும்போது கெடாத பெண்ணின் மானம், இரவு எட்டு மணிக்குக் கடைக்குப் போய் ஒரு சோப்பு வாங்கி வந்தால் கெட்டுவிடுமா? விடுதிக்காரர்கள் எவரேனும் இதற்குச் சமாதானம் எழுதியனுப்பினால் பிரசுரிக்கத் தயாராயிருக்கிறோம்.