பழைய மெட்ராஸ் படங்களில் இருப்பவர்கள் யார்?



பழைய மெட்ராஸ் படம் என்று தினமும் நாலைந்தாவது எனக்கு வந்துவிடுகிறது. ஆளில்லாத மவுண்ட் ரோடு, டிராம் வண்டி, மூர் மார்க்கெட் கோபுரம். கீழே "அது பொற்காலம்" என்று ஒரு வரி. நேற்று வந்த படத்தில் கை ரிக்‌ஷா இருந்தது. ஒருவர் வெறுங்காலோடு இரண்டு பேரை இழுத்துக்கொண்டு ஓடுகிறார். உட்கார்ந்திருந்தவர்களுக்கு வேண்டுமானால் பொற்காலமாக இருந்திருக்கும். 1973-இல்தான் நம் மாநிலத்தில் அந்த வண்டியை ஒழித்தார்கள்.

மூர் மார்க்கெட் 1985-இல் எரிந்துபோனது. ஆசிரியப் பயிற்சி படித்தபோது என் புத்தகங்களில் பாதி அங்கே பேரம் பேசி வாங்கியவை. எனக்கு வரும் படங்களில் அந்தச் சிவப்புச் சுவர் இருக்கிறது, கடைக்காரர் ஒருவர் முகம்கூட இல்லை.

கட்டடம் இருக்கும் படத்துக்குப் பெயர், ஆண்டு, கட்டியவர் யார் என்று எல்லாம் எழுதுகிறோம். ஏழைகள் இருக்கும் படம் என்றால் "குடிசைப் பகுதி", "ஆக்கிரமிப்பு" என்று ஒரு சொல்லோடு முடித்துவிடுகிறோம். இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

கூவம் கரையை ஒட்டிய பள்ளியில் நான் பல வருஷம் வேலை பார்த்தது உங்களுக்குத் தெரியும். போன மாதம் அந்தக் கரையின் பழைய படம் ஒன்றைப் பகிர்ந்தேன். கறுப்புத் தண்ணீர், கீற்றுக் கூரைகள், குப்பை. சொந்தக்காரர் ஒருவர், "இந்த அசிங்கத்தையெல்லாம் ஏன் போடுறீங்க?" என்று கேட்டார். அன்று இரவே என் பழைய மாணவி ஒருத்தி எழுதினாள்: "டீச்சர், மூணாவது வீடு எங்களுது. வாசல்ல நிக்கிறது அம்மா. எங்ககிட்ட அம்மா படம் வேற இல்ல."

அதன் பிறகு படத்தை மறுபடி பெரிதாக்கிப் பார்த்தேன். குழாயடியில் குடங்கள் வரிசையாக இருக்கின்றன. யாருடையது என்று தெரிய ஒவ்வொன்றிலும் பெயின்ட் அடையாளம். ஒரு இஸ்திரி வண்டி. அந்த இடுக்கிலும் ஒரு வாசலில் கோலம். கேரம் போர்டைச் சுற்றி நாலு பையன்கள், ஒருவன் பள்ளிச் சீருடையில். (அந்த நேரத்தில் அவன் வகுப்பில் இருந்திருக்க வேண்டும், அது வேறு விஷயம்!)

அசிங்கம் என்றவருக்கும் ஒரு பதில். அந்தத் தண்ணீரைக் கறுப்பாக்கியது கரையில் இருந்தவர்கள் மட்டுமா? நகரம் முழுவதும் விட்ட சாக்கடைதான் அங்கே ஓடியது. நாற்றம் மட்டும் அவர்கள் பெயரில் எழுதப்பட்டது. அதனால் அந்தப் படங்களை மறைக்கக் கூடாது என்பதுதான் என் கட்சி.

பிறகு கரையோரக் குடும்பங்கள் பலவற்றைக் கண்ணகி நகருக்கும், 2015 வெள்ளத்துக்குப் பிறகு பெரும்பாக்கத்துக்கும் அனுப்பினார்கள். பள்ளியிலிருந்தும் வேலையிலிருந்தும் வெகு தூரம். சுவர் கான்கிரீட் ஆனது நல்லதுதான். ஆனால் வருகைப் பதிவேட்டில் அந்தப் பிள்ளைகளின் முகவரியாக நான் எழுதிய தெருக்களில் சில இன்று வரைபடத்திலேயே இல்லை. "நான் இங்கேதான் வளர்ந்தேன்" என்று தன் பிள்ளைக்குக் காட்ட அவர்களுக்கு எந்த மூர் மார்க்கெட் கோபுரமும் கிடையாது.

இப்போது எல்லார் கையிலும் போன் இருக்கிறது. கல்யாணம், சீமந்தம், கோயில் என்று ஆயிரம் படம் எடுக்கிறீர்கள். உங்கள் தெருவையும் எடுங்கள். இடியப் போகும் லைன் வீடு, தண்ணீர் லாரிக்கு முன் நிற்கும் கூட்டம், மூலை டீக்கடை. ஆட்களைக் கேட்டுவிட்டு எடுங்கள். பெயர், தெரு, வருஷம் மூன்றையும் சேர்த்தே எழுதி வையுங்கள்.

கரையோரத் தெருக்களில் இருந்த என் பிள்ளைகளுக்கு ஒரு வேலை. அந்தப் படத்தைக் கீழே மறுபடி போட்டிருக்கிறேன். எது யார் வீடு, நிற்பது யார் என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள். எழுத்துப்பிழைக்கு மார்க் குறைக்க மாட்டேன்.