இனி என்னால் என்ன பயன்?



"அறுபது கடந்துவிட்டது. இனி என்னால் யாருக்கு என்ன பயன்?" என்று என் அம்மா அடிக்கடி கேட்பார். அப்போது நான் வாசித்தறிந்த மோர்மன் சபைத் தம்பதியரைப் பற்றிச் சொன்னேன்.

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் தலைமையகத்தைக் கொண்டது அச்சபை. பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கி ஓய்வுபெற்ற கணவனும் மனைவியும் 6 மாதம் முதல் ஏறத்தாழ 2 வருடம் வரை வெளிநாடுகளில் ஊழியம் செய்கிறார்கள. சம்பளம் கிடையாது, செலவும் பெரும்பாலும் தம் கையிலிருந்தே. காலையில் வேதவாசிப்பும் செபமும். தேநீர், கோப்பி அருந்துவதில்லை. பின்னர் அலுவலக வேலை, நிவாரணப் பணி, பழைய குடும்பப் பதிவேடுகளைப் படம்பிடித்தல் என ஒப்படைக்கப்பட்ட கடமை. வீட்டு நினைவில் வாடும் இளம் ஊழியர்களுக்குச் சமைத்துக் கொடுத்து ஆறுதல் சொல்பவர்களும் உண்டு. தம் பேரப்பிள்ளைகளின் முகத்தையோ தொலைபேசித் திரையில்தான் பார்க்கிறார்கள்.

அவர்கள் விரும்பிப் பிரிந்தவர்கள். திரும்பிச் செல்ல வீடு இருக்கிறது. எம்மில் பலர் துரத்தப்பட்டவர்கள். இரண்டும் ஒன்றல்ல. ஆனால் ஒரு பிள்ளைக்கு ஒரு நேரச் சோறு கொடுக்கும் கைக்கு வயது தடையில்லை.

அம்மா பதில் சொல்லவில்லை. அன்று மாலை, அயல்வீட்டுத் தாயில்லாப் பிள்ளையைக் கூப்பிட்டு, தலை இழுத்துப் பின்னிவிட்டார்.