ஸ்கூல் பஸ் நின்றால் எதிரே வரும் வண்டியும் நிற்கணும்: அமெரிக்க விதி எங்கே சறுக்கியது?

அமெரிக்காவில் மஞ்சள் நிற ஸ்கூல் பஸ் நின்று சிவப்பு விளக்குகள் மின்னினால், பின்னால் வரும் வண்டிகள் மட்டுமல்ல, எதிரே வருபவையும் நின்றாக வேண்டும். நடுவில் தடுப்பு உள்ள சாலைகளில் மட்டும், பெரும்பாலான மாகாணங்களில் எதிர்ப்பக்கத்துக்கு விலக்கு உண்டு.

சிக்னல் எப்படி வேலை செய்கிறது?

நிறுத்தம் நெருங்கும்போது மஞ்சள் விளக்கு. 'வேகத்தைக் குறைங்க' என்று அர்த்தம். பஸ் நின்றதும் சிவப்பு விளக்கு. கூடவே பஸ்ஸின் இடப்பக்கத்திலிருந்து 'ஸ்டாப்' பலகை ஒன்று கை நீட்டுவது போல வெளியே வரும். 1992 முதல் புதிய ஸ்கூல் பஸ்களில் இந்தப் பலகை கட்டாயம். நம்ம ஊரில் பஸ் அட்டெண்டர் இறங்கி கைகாட்டிச் செய்யும் வேலையை அங்கே விளக்கும் பலகையும் செய்கின்றன.

2018-ல் என்ன நடந்தது?

அக்டோபர் 30, இண்டியானா மாகாணம், ரோசெஸ்டர் அருகே. விடியாத நேரம். எதிர்ப்புறம் நின்ற பஸ்ஸில் ஏற, பிள்ளைகள் இருவழி நெடுஞ்சாலையைக் கடந்தார்கள். சிவப்பு விளக்கு எரிந்தது, பலகையும் நீட்டியிருந்தது. ஆனாலும் எதிரே வந்த பிக்கப் டிரக் நிற்கவில்லை. 9 வயது அக்காவும் அவளுடைய 6 வயது இரட்டைத் தம்பிகளும் இறந்தனர். இன்னொரு மாணவர் படுகாயமடைந்தார்.

விளக்குகளைப் பார்த்ததாகவும், அது ஸ்கூல் பஸ் என்று புரியவில்லை என்றும் டிரக்கை ஓட்டிய பெண் சொன்னார். அவருக்கு 4 ஆண்டு சிறை.

தப்பு அவர்மீது மட்டும்தானா?

இல்லை என்றது தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம். வண்டிகள் வேகமாகப் பறக்கும் சாலையை, இருட்டில், குழந்தைகள் கடக்க வேண்டிய இடத்தில் நிறுத்தம் வைத்ததும் ஒரு காரணம் என்று அதன் விசாரணை அறிக்கை சொன்னது. வழித்தடத்தின் ஆபத்தைப் பள்ளி நிர்வாகம் சரியாக ஆராயவில்லையாம். இதுதான் முக்கியமான விஷயம். சிக்னல் என்பது ஓட்டுநரிடம் வைக்கும் கோரிக்கைதான். அவர் கவனிக்காவிட்டால் குழந்தைக்கு வேறு பாதுகாப்பு கிடையாது.

கவனிக்காதவர்களும் கொஞ்சநஞ்சமல்ல. ஸ்கூல் பஸ் டிரைவர்கள் ஒரே நாளில் எண்ணிச் சொல்வதை வைத்துப் போடப்படும் கணக்குப்படி, ஒரு கல்வியாண்டில் கோடிக்கணக்கான முறை இந்த விதி மீறப்படுகிறது.

2019-ல் இண்டியானா தண்டனையைக் கடுமையாக்கியது. வேறு பாதுகாப்பான இடம் இருந்தால், நெடுஞ்சாலையைக் கடக்க வைக்கும் நிறுத்தம் கூடாது என்றும் சட்டம் போட்டது.

அந்தப் பிள்ளைகள் ஏறவேண்டிய நிறுத்தமோ, விபத்துக்குப் பிறகு அவர்களுடைய குடியிருப்புக்குள்ளேயே மாற்றப்பட்டது.