ஊசிக்கு முன் வாய் திறந்து சொல்லுங்க!

இயற்கை விவசாயத்துக்கு வந்த நாளிலிருந்து 'ஊசி' என்றாலே முகம் சுளிக்கிற ஆளு நான். வண்டிக்கு ஒரு மட்டக்குதிரை வைத்திருக்கிறேன். அதன் லத்தி எங்கள் உரக்குழிக்குப் போகிறது.

போன ஐப்பசியில் அதற்கு முன்னங்கால் முட்டி வீங்கிவிட்டது. பத்து நாள் நொச்சி ஒத்தடம் கொடுத்தும் நொண்டல் நிற்கவில்லை. கால்நடை மருத்துவர் பார்த்துவிட்டு, "மூட்டுக்குள்ள இருந்து நீர் எடுக்கணும், மயக்க ஊசி போடணும்" என்றார்.

"நாலு பேர் பிடிச்சுக்கிட்டா போதாதுங்களா?"

"ஊசி உள்ள இருக்கும்போது உதறினா முறிஞ்சிடும். கிருமி போனா மூட்டே போச்சு."

மருந்தை எடுக்கும்போது அவர் கேட்டார்: "இதுக்கு முன்னால ஏதாவது ஊசி சேராமப் போயிருக்கா?" அப்போதுதான் உறைத்தது. இரண்டு வருஷம் முன்பு காயத்துக்கு ஒரு ஊசி போட்ட அரை மணி நேரத்தில் உடம்பெல்லாம் தடித்து, மூச்சு வாங்கியது. என்ன மருந்து? பேரைக் கேட்டு வைக்கவே இல்லை. "பென்சிலினா இருக்கலாம்" என்றவர், அட்ரினலினைக் கையெட்டும் இடத்தில் வைத்துக்கொண்டுதான் தொடங்கினார். நல்லபடியாக முடிந்தது, அது அவர் கேட்டதால், நான் சொன்னதால் அல்ல.

விதை எங்கே வாங்கினோம், என்ன ரகம் என்றெல்லாம் எழுதி வைக்கிறோம். கால்நடையின் உடம்பில் என்ன போனது என்று எழுதுகிறோமா? வேறு வழி இல்லாதபோது மருந்து கொடுக்க அங்ககச் சான்று விதிகளே இடம் தருகின்றன; அதைப் பதிவு செய்யவும் சொல்கின்றன. தேதி, மருந்தின் பேர், சேர்ந்ததா இல்லையா, இந்த மூன்றும் போதும்.

இன்னொன்று. மயக்க ஊசியில் கைவைத்தியம் வேண்டவே வேண்டாம். சைலசின் மருந்து குதிரைக்குக் கொடுப்பதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே மாட்டுக்குப் போதும். குதிரைக்குப் போட்டதைப் பார்த்து மாட்டுக்குப் போட்டால் உயிருக்கே ஆபத்து. தலை தொங்கி நிற்கிற குதிரையும் திடீரென்று உதைக்கும், பின்னால் நிற்காதீங்க. நன்றாகத் தெளியும்வரை புல் காட்டாதீங்க, தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

ஒத்தடத்தை நான் விடவில்லை. ஆனால் ஊசியே கூடாது என்ற வீம்பை விட்டுவிட்டேன். வாயில்லா ஜீவனுக்கு நாம்தானே வாய்?