எட்டு மணி நேர வேலை, ஏழரை மணி நேரக் காப்பகம்

மாண்புமிகு தமிழ்நாடு சமூக நலன் மற்றும் மகளிர் உரிமைத் துறை அமைச்சர் அவர்களுக்கு,

திருப்பூரில் ‘டெய்லர் தேவை, செக்கிங் பெண்கள் தேவை’ என்று அட்டை தொங்காத பனியன் கம்பெனி வாசல் குறைவு. ஓவர்லாக்குக்கு ஆளா, பிளாட்லாக்குக்கு ஆளா, பிசிறு வெட்டவா, மடித்து பேக்கிங் போடவா என்பது வரை அதிலேயே எழுதியிருக்கும். உள்ளூரில் ஆள் போதாமல் வடமாநிலங்களிலிருந்து இளைஞர்கள் ரயிலேறி வருகிறார்கள். அதே ஊரில், மெஷினில் உட்கார்ந்தால் கை நிற்காமல் தைக்கக்கூடிய பெண்கள் அந்த அட்டையைப் படித்துவிட்டு வீட்டுக்குத் திரும்புகிறார்கள். இடுப்பில் ஒன்றரை வயதுப் பிள்ளை இருக்கிறது. இந்த மடல் அவர்களைப் பற்றியது.

அப்படி ஒரு தாயின் நிலையைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்கலாம். பெயர் எதற்கு? லைன் வீடுகளில் அடுத்தடுத்த கதவுக்குப் பின்னால் இதே கதைதான். திண்டுக்கல் பக்கமோ தேனிப் பக்கமோ இருந்து பிழைப்புக்கு வந்த குடும்பம். அம்மா, மாமியார் இருவருமே ஊரில். கணவன் ஏற்றுமதி கம்பெனியில் கட்டிங் வேலை. அமெரிக்கா 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியச் சரக்குக்கு 50 விழுக்காடு வரி போட்டபோது, அந்த நாட்டை நம்பி ஓடிய கம்பெனிகளில் ஆர்டர் தேங்கியது. ஆர்டர் தேங்கினால் முதலில் ஓவர்டைம் போகும். அடுத்து வாரத்தில் ஒரு நாள், இரண்டு நாள் போகும். சனிக்கிழமை கைக்கு வரும் வாரச் சம்பளம் மெலியும். குழுக் கடன் தவணையோ மெலிவதில்லை.

இனி அவளும் வேலைக்குப் போயாக வேண்டும். ஆனால் பிள்ளையை எங்கே விடுவது?

தற்காலிகமாக அவள் கண்டுபிடித்திருக்கும் வழி, பிசிறு வெட்டும் வேலையை மூட்டையாக வீட்டுக்கு வாங்கிவருவது. பிள்ளை தூங்கும்போது தரையில் கால்நீட்டி உட்கார்ந்து, ஒவ்வொரு பனியனாகத் திருப்பி, தையல் முனையில் நீளும் நூலை வெட்டுகிறாள். பிள்ளை விழித்து நெளிந்தால் கத்திரி ஷெல்ஃபின் மேல்தட்டுக்கு ஏறும். பீஸ் கணக்குதான், மெஷினில் உட்கார்ந்து தைப்பவளின் கூலிக்கு இது பக்கத்தில்கூட வராது. ஒன்றிரண்டு மாதத்தில் தவணை முந்திக்கொள்ளும்போது அடுத்த யோசனை எழும்: மூத்தவள் ஆறாம் வகுப்புதானே, கொஞ்ச நாள் பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் தம்பியைப் பார்த்துக்கொள்ளட்டும். மகளிர் உரிமைத் துறையின் அமைச்சருக்கு இந்த ஒரு வாக்கியத்தின் விலையை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

அரசு எதுவும் செய்யவில்லை என்று சொல்ல இந்த மடல் எழுதப்படவில்லை. 2021 மே மாதம் முதல் சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டம், விடியலில் அடுப்படியில் நிற்கும் தாயின் நேரத்தை நிஜமாகவே மிச்சப்படுத்தியது. 2023 செப்டம்பரில் மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத்தொகை வந்தது. அது எத்தனை வீடுகளில் எரிவாயு சிலிண்டராகவும் மருந்தாகவும் மாறியது என்பது மளிகைக்கடைக்காரருக்குக்கூடத் தெரியும். ஆனால் அந்தத் தொகையை 26 வேலை நாட்களுக்குப் பிரித்தால் நாளுக்கு 38 ரூபாய். அதைக் கொடுத்துப் பிள்ளையைப் பகல் முழுக்கப் பார்த்துக்கொள்ள ஆள் வைக்க முடியாது. அதற்காக அது தரப்படவும் இல்லை.

பிள்ளை பார்ப்பதற்கென்று இருப்பது அங்கன்வாடி. அதன் வரலாற்றில் தமிழகத்துக்குப் பெருமைப்பட இடமுண்டு. தமிழரான கல்வியாளர் மீனா சுவாமிநாதன் தலைமையிலான குழு 1972இல் அளித்த அறிக்கையின் தொடர்ச்சியாகத்தான் 1975 அக்டோபர் 2 அன்று அங்கன்வாடிகளின் தாய்த் திட்டமான ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் பிறந்தது. ஆனால் சத்துணவையும் முன்பருவக் கல்வியையும் மனத்தில் வைத்துக் கட்டிய அமைப்பு அது. ஷிப்டை மனத்தில் வைத்துக் கட்டியதல்ல. இரண்டு வயது நிறைந்த பிள்ளைதான் மையத்தில் வந்து உட்காரலாம். அதற்குக் கீழே என்றால் சத்துமாவுப் பாக்கெட் வீட்டுக்கு வரும், பிள்ளையும் வீட்டிலேயே இருக்கும். மாலை நான்கு மணிவாக்கில் கதவைப் பூட்டிவிடுவார்கள். பனியன் கம்பெனியின் ஒரு ஷிப்டு காலை எட்டரைக்குத் தொடங்கி மாலை ஐந்தரைக்கு முடிகிறது.

ஒன்றிய அரசின் ‘பால்னா’ திட்டத்தில் காப்பகங்கள் உண்டு. ஆறு மாதப் பிள்ளையிலிருந்து ஆறு வயது வரை சேர்க்கலாம், மாதத்தில் 26 நாள் திறந்திருக்க வேண்டும். நல்ல விதிகள். ஆனால் ஒரு நாளைக்கு ஏழரை மணி நேரம். எட்டு மணி நேர வேலை, நடுவே சாப்பாட்டு இடைவேளை, பஸ்ஸில் போக வர நேரம் எல்லாம் கூட்டினால் பத்து மணி நேரம் பிள்ளைக்கு ஆள் வேண்டும். இந்த விதியை எழுதியவர் எந்தத் தாயின் கடிகாரத்தைப் பார்த்து எழுதினாரோ தெரியவில்லை!

திருப்பூரில் ஒன்றரை ஷிப்டு சர்வ சாதாரணம், இரவு எட்டரை வரை மெஷின் ஓடும். காப்பக நேரத்தையும் அதுவரை நீட்டக் கேட்பது நீண்ட வேலை நேரத்துக்கு அரசே முத்திரை குத்துவதாகிவிடாதா என்று ஓர் அதிகாரி கேட்டால், அந்தக் கேள்வி நியாயமானது. 12 மணி நேர வேலைக்கு வழிவிட்ட சட்டத் திருத்தம் 2023 ஏப்ரலில் நிறைவேறி, எதிர்ப்புக்குப் பின் திரும்பப் பெறப்பட்டதை இந்த மாநிலம் மறந்துவிடவில்லை. ஆகவே கோரிக்கை சுருக்கமானது. சட்டம் ஏற்றுக்கொண்ட எட்டு மணி நேர வேலைக்கே இன்று காப்பகம் போதவில்லை. முதலில் அதை ஈடுகட்டுங்கள். காலை எட்டு மணி முதல் மாலை ஆறரை மணி வரை. ஒன்றரை ஷிப்டுக்கு உட்காருவதா வேண்டாமா என்பது அதற்கு அப்புறம் பேசவேண்டிய விஷயம்.

இது முதலாளிகளின் பொறுப்பு அல்லவா என்பது அடுத்த கேள்வி. பொறுப்புதான். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 30 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்றது. 2017இல் திருத்தப்பட்ட மகப்பேறு பயன் சட்டம் 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்துக்கு அதையே சொன்னது. தாய் நாளுக்கு நான்கு முறை பிள்ளையைப் போய்ப் பார்க்கலாம் என்றும் சேர்த்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளிலும் 50 என்ற எண்ணே இருக்கிறது. பெரிய ஏற்றுமதி கம்பெனி சிலவற்றில் காப்பகம் நன்றாகவே நடக்கிறது. வேறு சிலவற்றில் வெளிநாட்டு பையர் ஆடிட்டுக்கு வரும் நாளில் மட்டும் தொட்டில் தொங்கும். கூலிக்குத் தைத்துக்கொடுக்கும் ஜாப் ஒர்க் யூனிட்டில் அதுவும் இல்லை. சந்துக்குள் மாடி ஏறினால் பதினைந்து மெஷின், இருபது ஆள். எந்தச் சட்டத்தின் எண்ணிக்கையிலும் அது சிக்காது. திருப்பூரின் கணிசமான தையல் நடப்பதோ அந்த மாடிகளில்தான்.

இதற்கும் புதிய சட்டத்திலேயே ஒரு வாசல் உண்டு: பல நிறுவனங்கள் சேர்ந்து பணம் போட்டுப் பொதுக் காப்பகம் ஒன்றை நடத்தலாம், அரசோ நகராட்சியோ நடத்தும் காப்பகத்தையும் பயன்படுத்தலாம். அனுப்பர்பாளையத்திலோ வேலம்பாளையத்திலோ ஒரு தெருவின் யூனிட்டுகளைச் சேர்த்தாலே ஒரு மையத்துக்குத் தேவையான பிள்ளைகள் கிடைத்துவிடுவார்கள். இடம் அங்கன்வாடியுடையதாக இருக்கட்டும், பாதிச் செலவு அந்த யூனிட் முதலாளிகளுடையதாக இருக்கட்டும். ‘அது தொழிலாளர் நலத்துறைக் கோப்பு’ என்று ஒரு பதில் வரும். இரண்டு துறைக்கும் ஒரே தலைமைச் செயலகம்தானே, மாடிப்படி ஏறி இறங்கினால் போதும்.

வழிகாட்ட ஆளில்லாத காரியமும் அல்ல இது. 1969இல் மீரா மகாதேவன் டெல்லியில் ஒரு கட்டுமானத் தளத்தில், சித்தாள் வேலை பார்த்த பெண்களின் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய காப்பகம்தான் ‘மொபைல் கிரெச்சஸ்’. அகமதாபாத்தில் ‘சேவா’ என்ற பெண் தொழிலாளர் அமைப்பின் பெண்கள் ‘சங்கினி’ என்ற கூட்டுறவு மூலம் காப்பகங்களை நடத்துகிறார்கள். நேரத்தைத் தாயின் வேலை தீர்மானிக்கிறது. பக்கத்துக் கர்நாடகம் 2023இல் நூறு நாள் வேலைக்குப் போகும் தாய்மாருக்காக ‘கூசின மனெ’ என்று கிராம ஊராட்சிகளில் காப்பகம் தொடங்கியது. இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் 40 விழுக்காட்டுக்கு மேல் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள் என்று மேடைதோறும் பெருமையாகச் சொல்கிறோம். அவர்களுடைய பிள்ளைகளுக்கான திட்டத்தில் நாம்தான் முன்னால் நின்றிருக்க வேண்டும்.

ஒன்று மட்டும் கூடாது. நீட்டிக்கும் நேரத்தை இப்போதிருக்கும் அங்கன்வாடிப் பணியாளர் தலையில் கட்டிவிடக் கூடாது. எடை பார்ப்பது, பதிவேடு, செல்போன் செயலியில் பதிவு, வீடு வீடாகப் போவது என்று அவர்களுக்கு ஏற்கெனவே மூச்சு முட்டுகிறது. அவர்களும் தாய்மார்தான், அவர்கள் வீட்டிலும் பிள்ளை காத்திருக்கிறது. இரண்டாவது குழு தேவை. பச்சைப் பிள்ளைகளைக் கையாளப் பயிற்சி பெற்ற ஆட்கள், மூன்று வயதுக்குக் கீழ் சில பிள்ளைகளுக்கு ஒருவர் என்ற கணக்கில், முழுச் சம்பளத்தோடு.

மையம் எங்கே வேண்டும், எத்தனை மணிக்குத் திறக்க வேண்டும் என்று முடிவெடுக்கும் முன் தாய்மாரிடம் ஒருமுறை கேளுங்கள். அந்தக் கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை வையுங்கள். வேறு நாளில் வைத்தால் வேலைக்குப் போகிறவளுக்கு ஒரு நாள் கூலி போய்விடும். கூட்டத்துக்கு வருகிறவர்கள் பிள்ளையையும் தூக்கிக்கொண்டுதான் வருவார்கள். அரங்கில் ஒரு ஓரமாக நாலு பாயும், பார்த்துக்கொள்ள இரண்டு ஆளும் ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள்.