ஊசி ஒரு நாள், மூட்டை மறுநாள்

மட்டாஞ்சேரிப் பஜார் சாலையில் அரிசியும் மிளகும் இன்றும் மனிதர் தோளேறித்தான் கிடங்கு சேர்கின்றன. ஆண்டுக்கணக்கில் சுமந்த தோளில் தசை முடிச்சிட்டதுபோல் இறுகுகிறது; அழுத்தினால் வலி கழுத்து, தலை எனப் பரவுகிறது.

அம்முடிச்சில் மரத்துப்போகச் செய்யும் மருந்தை ஊசியால் செலுத்துவது பழகிய சிகிச்சை. கென்னடிக்கு மருத்துவம் பார்த்த ஜேனட் டிராவெல் இதைப் பரவலாக்கினார். மருந்தில்லா வெற்று ஊசியும் வலியைத் தணிக்கும் என்று 1979-இல் செக் மருத்துவர் காரெல் லெவிட் காட்டினார். விலைமிக்க போட்டுலினம் ஊசி, பக்கவாதத்தால் விறைத்த தசைக்குப் பயன்படுகிறது. இம்முடிச்சு வலியிலோ அதற்கான சான்று உறுதியாக இல்லை.

ஆகவே சுமைத் தொழிலாளிக்குக் குறைவது விலையுயர்ந்த மருந்தன்று, ஓய்வே. ஊசி தருவது சில நாள் அவகாசம். அந்நாட்களில் தசையை நீட்டிப் பயிற்சி செய்து, சுமையைக் குறைத்தால்தான் பலன் நிலைக்கும். மறுநாளே மூட்டை தூக்குபவருக்கு அந்த அவகாசம் வீணாகிறது. ஆனால் வேலைக்குப் போகாவிட்டால் கூலி இல்லை.

ஆணுக்கு 55 கிலோவே உச்சவரம்பு எனப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1967-இலேயே பரிந்துரைத்தது. கேரளத்தில் சுமைத் தொழிலாளர்க்கென 1978-ஆம் ஆண்டுச் சட்டமும் நல வாரியமும் உள்ளன. ஊசிக்குப் பிந்தைய ஓய்வு நாட்களின் கூலியை வாரியமே ஈடுசெய்ய வேண்டும். 1953-இல் துறைமுக வேலைக்கான சாப்பா முறையை எதிர்த்துத் தொழிலாளர் உயிர்நீத்த ஊர் இது. இங்கு ஓய்வும் மருந்துச் சீட்டில் எழுதப்படுவதே நியாயம்.