சிசு பராமரிப்புக்கு லைசென்ஸ்

வேப்பம்பட்டு ரயில் ஸ்டேஷனில் காலை வேளையிலே அம்பத்தூருக்கும் பட்டணத்துக்கும் உத்தியோகத்தின் பொருட்டு வண்டியேறும் ஸ்திரீகள் பலர். பாட்டியில்லாத வீடுகளில் அவர்களுடைய கைக்குழந்தைகளை, மாதப் பணம் பெற்றுக்கொண்டு அண்டை வீட்டம்மாள் பார்த்துக்கொள்கிறாள். அவ்வம்மாளின் அன்பில் நமக்கு ஐயமில்லை. அன்பு ஒன்றே போதுமா என்பதே கேள்வி.

50 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் ஸ்தாபனங்கள் குழந்தைக் காப்பகம் வைக்க வேண்டுமென்று 2017-ம் வருஷத்துச் சட்டத் திருத்தம் விதித்தது. 2020-ம் வருஷத்துச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் அவ்விதியை ஏற்றது. சிறு பட்டறையிலும் கடையிலும் உழைக்கும் தாய்க்கு இதனால் யாது பயன்? இட்டிலி விற்பவன்கூட உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பதிவு செய்துகொள்ள வேண்டிய இந்நாட்டிலே, பிறர் சிசுவை வீட்டில் வைத்துப் பேணுவோர்க்கென்று தனி லைசென்ஸ் இல்லாதிருப்பது பெருங்குறையாகும்.

யோக்கியதாம்சம் யாது? சர்க்காரின் தேசியக் குழந்தைக் காப்பகத் திட்டம், பணியாளருக்குப் பன்னிரண்டாம் வகுப்பும் உதவியாளருக்குப் பத்தாம் வகுப்பும் வேண்டுமென்றது. பரீட்சையில் தேறுவது வேறு. தொண்டையில் புளியங்கொட்டை சிக்கித் திணறும் குழந்தையைக் காப்பது வேறு. பிரான்ஸ் தேசத்தில் இத்தொழில் புரிவோர் 120 மணி நேரம் பயில வேண்டும். அதில் 80 மணி நேரம் முதற்குழந்தையை ஏற்பதற்கு முன்னரே முடிய வேண்டும். இங்கிலாந்தில் குழந்தைகளுக்கான முதலுதவிப் பயிற்சி கட்டாயம். எட்டு வயதுக்குட்பட்டோர் ஆறு பேருக்கு மேல் ஒருத்தியிடம் இருக்கலாகாது. இக்கல்வி நமக்குப் புதிதன்று. 1939-ல் மாண்டிசோரி அம்மையார் அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குக் குழந்தைக் கல்வி முறையைப் பயிற்றுவித்தார்.

லைசென்ஸ் என்றால் லஞ்சமும் அலைச்சலுமே மிஞ்சும், ஏழைப் பெண்ணின் பிழைப்பு போய்விடும் என்று சிலர் ஆக்ஷேபிக்கக்கூடும். இது அலட்சியம் செய்யத்தக்கதன்று. ஆதலின் நாம் பட்டம் கேட்கவில்லை. தமிழ் படிக்கத் தெரிந்தால் போதும். ஆரம்ப சுகாதார நிலையத்திலே, தமிழிலேயே, கட்டணமின்றிப் பயிற்சி தரவேண்டும். பயிலும் நாட்களுக்குப் படியும் கொடுக்க வேண்டும். பாலூட்டுதல், சுத்தம், சிசுவை மல்லாக்கப் படுக்க வைத்தல், காய்ச்சலின் அபாயக் குறிகள், முதலுதவி ஆகியவை பாடங்களாகட்டும். கிணற்றுக்கு மூடியுண்டா, நீர் நிறைந்த வாளி குழந்தைக்கு எட்டுமா, அடுப்புக்குத் தடுப்புண்டா என்பதைச் சுகாதாரச் செவிலியர் நேரில் பார்க்கட்டும். அவ்வீட்டில் வசிக்கும் ஆடவரைக் குறித்தும் போலீஸ் விசாரணை அவசியம். மனுவுக்கு முப்பது நாளில் முடிவு கூற வேண்டும்; மறுத்தால் காரணத்தை எழுத்தில் தரவேண்டும். லைசென்ஸ் பெற்றோர் பட்டியலை யாவரும் காண ஊரிலே ஒட்டுதல் வேண்டும். இங்ஙனம் செய்தால் லஞ்சத்துக்கு இடம் குறையும். அண்டை வீட்டம்மாளின் தொழிலுக்கு மதிப்பும், தகுந்த ஊதியம் கேட்கும் உரிமையும் உண்டாகும்.

தொழிலாளர் உரிமை பேசும் நண்பர்களை ஒன்று கேட்கிறோம். கூலி உயர்வுக்குத் தீர்மானம் நிறைவேற்றுகிறீர்கள்; அக்கூலிக்காரியின் குழந்தை பகலெல்லாம் யாரிடம் இருக்கிறதென்று விசாரித்தீர்களா? வேப்பம்பட்டு முதலிய ஊர்களில் அடுத்த கூட்டத்திலேயே இதைப் பற்றித் தீர்மானம் செய்து சர்க்காருக்கு அனுப்புங்கள். விபத்து நேர்ந்த பிறகு விசாரணைக் கமிஷன் கேட்பது எளிது; நேராமற் காப்பதே கடமை.